14 மூவில் டிரா: பையன் பயந்துவிட்டானா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய 12 வயதுப் பையன் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த ரேட்டிங் போட்டியில் 6-ஆவது சுற்றில் கறுப்புக் காயோடு உட்கார்ந்தான். பையனுக்கு ரேட்டிங் (ஆட்டப் பலத்தைக் காட்டும் புள்ளி) 1460, எதிரே இருந்த பையனுக்கு 1660. கால் மணி நேரத்தில் ஆட்டம் 14 மூவோடு டிரா. கடைசியில் பையன் கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கியிருக்கிறான். எதிராளியின் கோச், "ரெண்டு தடவைதான் ஆச்சு, மூணு ஆகலை" என்று வாதாடியிருக்கிறார். ஆர்பிட்டர் (போட்டி நடுவர்) வேறொரு போர்டை எடுத்துவந்து தாளைப் பார்த்துக் காய்களை முதலிலிருந்து நகர்த்திப் பார்த்துவிட்டு டிரா என்று எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் கோபம்: பஸ் பிடித்து, என்ட்ரி ஃபீஸ் கட்டி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெளியே நின்றது இதற்குத்தானா, சண்டையே போடாமல் கை குலுக்கிவிட்டு வந்திருக்கிறான் என்று. அம்மாவின் கேள்விகள் மூன்று. இது பயந்து வாங்கிய டிராவா? ஆர்பிட்டர் செய்தது சரியா? இந்த ஓப்பனிங்கை மாற்ற வேண்டுமா?

அம்மா, நீங்கள் ஸ்கோர் ஷீட்டை அப்படியே எடுத்து எழுதி அனுப்பியது நல்ல காரியம். அது இல்லாவிட்டால் நானும் பொத்தாம்பொதுவாக ஏதாவது சொல்லியிருப்பேன். நான் மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறவன். போட்டிகளில் ஆர்பிட்டராகவும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த 14 மூவ் எனக்கு மனப்பாடம். உங்கள் வீட்டுக்காரரும் போர்டை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே நகர்த்திப் பார்க்கட்டும், அதற்காக முழுசாக எழுதுகிறேன். ராணி என்பது ராணிதான். பழைய ஆட்கள் அதையே மந்திரி என்பார்கள், நான் பிஷப்பைத்தான் மந்திரி என்கிறேன். குழப்பிக்கொள்ள வேண்டாம். இ4 என்றால் இ வரிசையில் நாலாவது கட்டம்; காயின் பெயர் சொல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்.

1. இ4, இ5.
2. குதிரை எஃப்3, குதிரை சி6.
3. மந்திரி பி5, குதிரை எஃப்6.
4. வெள்ளை காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் சேர்த்து நகர்த்துவது), கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டுகிறது.
5. டி4, குதிரை டி6-க்குத் திரும்புகிறது.
6. டி சிப்பாய் இ5-ஐ வெட்டுகிறது. குதிரை பி5 மந்திரியை வெட்டுகிறது.
7. ஏ4, பி5 குதிரை டி4-க்குப் போகிறது.
8. வெள்ளைக் குதிரை டி4-ல் வெட்டுகிறது, கறுப்பு டி5.
9. இ5 சிப்பாய் ஆன்பாசான் (இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை ஒரு கட்டம் வந்த மாதிரி வைத்து வெட்டுவது) வெட்டி டி6-க்கு வருகிறது. சி6 குதிரை டி4-ல் வெட்டுகிறது.
10. ராணி டி4-ல் வெட்டுகிறது. கறுப்பு ராணி டி6-ல் வெட்டுகிறது.
11. ராணி இ4 செக், ராணி இ6.
12. ராணி டி4, ராணி டி6.
13. ராணி இ4 செக், ராணி இ6.
14. ராணி டி4, ராணி டி6.

இதற்குப் பெயர் பெர்லின் டிஃபென்ஸ். ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் வெள்ளை 3-ஆவது மூவில் மந்திரியை பி5-ல் வைத்ததும் கறுப்பு ஏ6 தள்ளாமல் நேராகக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால் அது பெர்லின். ரூய் லோபஸ் ஸ்பெயின் தேசத்துப் பாதிரியார், 1561-இல் செஸ் பற்றிப் புத்தகம் எழுதியவர். உங்கள் பையன் ஆடிய இந்தக் குறிப்பிட்ட கிளையை எல்லோரும் "பெர்லின் டிரா" என்றுதான் சொல்வார்கள். கிராண்ட்மாஸ்டர்கள் இதே 14 மூவை, ஒரு காய் மாறாமல், போட்டிக்குப் போட்டி ஆடிவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

இப்போது முதல் கேள்வி. பயந்தவன் யார் என்று பார்க்க வேண்டுமானால், வழியில் எந்தெந்த இடத்தில் யாருக்கு வேறு பாதை இருந்தது என்று பார்க்க வேண்டும்.

6-ஆவது மூவில் வெள்ளை பையனுக்கு முன்னால் ஒரு நாற்சந்தி. மந்திரியால் சி6 குதிரையை வெட்டியிருந்தால் ஆட்டம் நீண்ட சண்டைக்குள் போயிருக்கும். அவன் அதைச் செய்யாமல் சிப்பாயால் இ5-ஐ வெட்டினான். மந்திரியைக் கொடுத்து, ஏ4 தள்ளி, குதிரையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி அது. 9-ஆவது மூவில் இன்னொரு சந்தி. ஆன்பாசான் வெட்டாமல் குதிரையால் சி6-ல் இருந்த குதிரையை வெட்டியிருந்தால், பி சிப்பாய் திரும்ப வெட்டும், இ5 சிப்பாய் முன்னே நிற்கும், காய்கள் சமமாக ஆட்டம் தொடரும். அதையும் விட்டான். 11-ல் ராணியை மாற்றியிருக்கலாம், 12-லும் மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றினால் கறுப்புக்கு இரண்டு மந்திரிகள், நடுவில் ஒரு சிப்பாயும் இல்லாத திறந்த போர்டு. 200 புள்ளி அதிகம் உள்ளவன் அந்த எண்ட்கேமை (காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டத்தை) ஆசைப்பட்டு எடுக்கமாட்டான். ராணியை வேறு எங்காவது ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை நீட்டியிருக்கலாம், அதையும் செய்யவில்லை.

உங்கள் பையனுக்கு என்ன வழி இருந்தது? 11-ல் செக் வந்தபோது மந்திரியை இ6-ல் வைத்து மறைத்தால் வெள்ளை ராணி பி7 சிப்பாயை எடுத்துக்கொள்ளும். மந்திரியை இ7-ல் வைத்தால் வெள்ளை மந்திரி எஃப்4-க்கு வந்து ராணியைத் தாக்கும், ராணி மறுபடி ஓட வேண்டும்; காஸ்லிங் ஏற்கெனவே முடித்த வெள்ளைக்கு இன்னொரு மூவ் இலவசம். ராணியை இ6-ல் வைப்பதுதான் நேர்மையான பதில். 12-ல் வெள்ளை ராணி டி4-க்குப் போனதும் ஜி7 சிப்பாய் மேல் அதன் கண் விழுகிறது. எஃப்8-ல் இருக்கும் மந்திரி நகர்ந்தால் ஜி7 போய்விடும். மந்திரி நகராமல் ராஜா பக்கம் காஸ்லிங் கிடையாது. அதனால் ராணியை டி6-க்குக் கொண்டுவந்து, "வா, மாற்றிக்கொள்வோம்" என்று கேட்கிறான். எதிராளி மாட்டேன் என்று மறுபடி இ4-க்கு ஓடுகிறான்.

ஓடியவன் வெள்ளை. உங்கள் பையன் ஒவ்வொரு முறையும் ராணியை எதிரே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான். இதைத்தான் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. 12-ஆவது மூவில் வெள்ளை ராணி டி4-க்கு வந்த நிலையில் போர்டை நிறுத்துங்கள். கறுப்பு ராணி இ6-ல், கறுப்பு ராஜா இ8-ல், நடுவில் ஒன்றுமில்லை. "அடுத்து யானையை இ1-க்குக் கொண்டுவந்தால் ராணி அகப்பட்டுக்கொள்ளுமே" என்று தோன்றும். என்னிடம் வரும் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் இதைத்தான் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். கறுப்பை டி6-க்குப் போகவிடாமல், சி8 மந்திரியை டி7-ல் வைத்துவிட்டு, வெள்ளை யானையை இ1-க்கு நகர்த்திப் பாருங்கள். கறுப்பு ராணி அந்த யானையை வெட்டும், அதோடு மேட். ஏ1 யானை உதவிக்கு வர முடியாது; நடுவில் பி1 குதிரையும் சி1 மந்திரியும் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கின்றன. ராஜாவுக்கு முன்னால் எஃப், ஜி, எச் சிப்பாய்கள் சுவர் மாதிரி. இதை உங்கள் பையனிடம் சொல்லாமல் போர்டை மட்டும் வைத்து, "யானை இ1 எப்படி?" என்று கேளுங்கள். என்ன சொல்கிறான் என்பதிலிருந்து அவன் இந்த 14 மூவை மனப்பாடமாக ஆடினானா, பார்த்து ஆடினானா என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் 1660 ரேட்டிங்காரன் ஏன் 13-லும் ராணியை இ4-க்குக் கொண்டுபோனான்? நான் அந்த ஹாலில் இல்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. 90 நிமிடமும் மூவுக்கு 30 விநாடியும் என்ற கடிகாரத்தில் ஆடும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. என்ன ஆடுவதென்று தெரியாதபோது ஒரே மூவை இரண்டு முறை வேகமாகப் போட்டு நேரத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். "ரெண்டு தடவை போடலாம், மூணாவது தடவைக்கு முன்னாடி மாத்திக்கலாம்" என்பது கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஒன்று பிசகியிருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்வியும் அதேதான்.

எதிராளியின் கோச் சொன்னது தப்பு, ஆர்பிட்டர் செய்தது சரி. ஆனால் கோச் ஏன் தப்பாக எண்ணினார் என்பது சுவாரசியமானது. விதி "ஒரே மூவ் மூன்று முறை" என்று சொல்லவில்லை. "ஒரே நிலை மூன்று முறை" என்று சொல்கிறது. எல்லாக் காயும் அதே கட்டத்தில், அடுத்து ஆட வேண்டியவரும் அதே ஆள், காஸ்லிங் உரிமையும் ஆன்பாசான் வாய்ப்பும் அதே மாதிரி. இவ்வளவும் ஒத்துப்போனால் ஒரே நிலை. அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பது கணக்கில் கிடையாது.

தாளைப் பாருங்கள். 12-ஆவது மூவில் கறுப்பு ராணி இ6-லிருந்து டி6-க்கு வருகிறது. 14-லும் அதே. கோச்சின் கண்ணுக்கு இரண்டு. ஆனால் 10-ஆவது மூவில் கறுப்பு ராணி சிப்பாயை வெட்டிக்கொண்டு டி6-க்கு வந்தபோதே அந்த நிலை போர்டில் முதல் முறையாக உருவாகிவிட்டது: வெள்ளை ராணி டி4, கறுப்பு ராணி டி6, வெள்ளையின் முறை. வெட்டி வந்தாலும் நடந்து வந்தாலும் ராணி நிற்கிற இடம் ஒன்றுதான். கறுப்பு ராஜா செக் வாங்கினாலும் இ8-ஐ விட்டு அசையவில்லை, யானைகளும் அசையவில்லை, அதனால் காஸ்லிங் உரிமை அப்படியே இருக்கிறது. 10, 12, 14: மூன்று. ராஜா நடுவில் ஒரு முறை அசைந்து திரும்பி வந்திருந்தால் காஸ்லிங் உரிமை போயிருக்கும், முதல் நிலை வேறாகியிருக்கும், கோச் சொன்னது சரியாகியிருக்கும். அவர் அதை யோசித்துச் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

உங்கள் பையன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. அவன் 14-ஆவது மூவைத் தாளில் எழுதினான், காயைத் தொடவில்லை, கடிகாரத்தை நிறுத்தினான், கையைத் தூக்கினான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முறை. மூவை ஆடுவதற்கு முன்பே தாளில் எழுதக் கூடாது என்பது பொது விதி. டிரா உரிமை கோரும்போது அதற்கு விலக்கு உண்டு. எழுதிவிட்டு, இதை ஆடினால் நிலை மூன்றாவது முறை வரும் என்று ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டுவிட்டால் அந்த மூவுக்கான உரிமை போச்சு. கோரிக்கை தப்பு என்று தெரிந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், ஆட்டம் தொடரும். யாருமே கேட்காமல் விட்டால் ஐந்தாவது முறை வரும்போது ஆர்பிட்டரே டிரா அறிவித்துவிட வேண்டும்.

இது எனக்கு இவ்வளவு அழுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், நான் ஒரு முறை இதில் அடிபட்டவன். 1991-இல் எனக்குப் பத்தொன்பது வயது. கடலூரில் ஒரு போட்டி, கடைசிச் சுற்று. யானை எண்ட்கேமில் ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் என் யானையால் அவர் ராஜாவைத் துரத்திக்கொண்டே இருக்க முடிந்தது. மூன்றாவது முறை அதே நிலை வரப்போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சந்தோஷத்தில் யானையை நகர்த்தி, கடிகாரத்தை அடித்துவிட்டு, பிறகு கையைத் தூக்கினேன். ஆர்பிட்டர் வந்து பார்த்தார். "நீ ஆடிட்டியே தம்பி, இப்ப முறை அவருடையது. அவர் கேட்டால் டிரா, நீ கேட்க முடியாது" என்றார். எதிரே இருந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ராஜாவை வேறு பக்கம் எடுத்துப் போனார். அடுத்த இருபது மூவில் தோற்றேன். கெடிலம் பாலத்தின் மேல் நடந்தே வீட்டுக்குப் போனேன், பஸ்ஸில் ஏறினால் யாராவது என்ன ஆச்சு என்று கேட்பார்களே என்று. பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியாதது உங்கள் பையனுக்குப் பன்னிரண்டில் தெரிந்திருக்கிறது.

ரேட்டிங் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அப்பாக்களுக்கு எண் காட்டினால்தான் நம்பிக்கை வரும். 200 புள்ளி வித்தியாசத்துக்கு ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) அட்டவணைப்படி குறைந்தவரிடம் எதிர்பார்ப்பது 0.24 புள்ளி. பையன் எடுத்தது 0.5. வித்தியாசம் 0.26. 18 வயதுக்குக் கீழே, 2300-க்குள் இருப்பவர்களுக்குக் கே எண் (அந்த வித்தியாசத்தைப் பெருக்க வேண்டிய எண்) 40. பெருக்கினால் 10.4. கால் மணி நேரத்தில் 10 புள்ளி ஏறியிருக்கிறான், அதுவும் கறுப்புக் காயோடு. என்ட்ரி ஃபீஸைப் பற்றி இதற்கு மேல் நான் பேசப் போவதில்லை.

மூன்றாவது கேள்வி, ஓப்பனிங்கை மாற்றலாமா என்பது. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெர்லின் என்றாலே டிரா என்று ஊருக்குள் ஒரு பேச்சு. அதற்குக் காரணம் 2000-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி. 15 வருஷமாகச் சாம்பியனாக இருந்த காஸ்பரோவ் வெள்ளையில் இ4 ஆடியபோது கிராம்னிக் பெர்லினைப் போட்டார். நான்கு முறை போட்டார், நான்கும் டிரா. காஸ்பரோவால் அந்தப் போட்டி முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை, 8.5க்கு 6.5 என்று பட்டம் கைமாறியது. பெர்லின் சுவர் என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

ஆனால் கிராம்னிக் ஆடியது உங்கள் பையன் ஆடிய 14 மூவ் கிடையாது. அது 6-ஆவது மூவில் வெள்ளை மந்திரி சி6-ஐ வெட்டும் கிளை. டி சிப்பாய் திரும்ப வெட்டும், வெள்ளைச் சிப்பாய் இ5-ஐ வெட்டும், குதிரை எஃப்5-க்குப் போகும், 8-ஆவது மூவில் ராணிகள் மாறும், கறுப்பு ராஜாவே ராணியை வெட்டி டி8-ல் வந்து நிற்கும். காஸ்லிங் போச்சு. சி வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கு. பார்க்கிறவனுக்குக் கறுப்பு பரிதாபமாகத் தெரியும். மற்ற காய்களையெல்லாம் எடுத்துவிட்டு ராஜாவும் சிப்பாயும் மட்டும் வைத்தால் வெள்ளை ஜெயித்துவிடும்; வெள்ளைக்கு ராஜா பக்கம் நாலுக்கு மூன்று, அதில் ஒரு சிப்பாயை விடுவித்து ஓட்டலாம், கறுப்பின் அடுக்குச் சிப்பாய்களால் அது முடியாது. அதனால் வெள்ளை காய்களை மாற்றிக்கொண்டே போகப் பார்க்கும், கறுப்பு தன் இரண்டு மந்திரிகளை விடாமல் வைத்துக்கொண்டு உள்ளே வராதே என்று தடுக்கும். நாள் முழுக்க ஆடுகிற ஆட்டம் அது.

2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகச் சாம்பியன் போட்டியில் ஆடியதை டிவியில் பார்த்த நினைவு இருக்கும். முதல் ஆட்டம் 16 மூவில் டிரா, நிலை திரும்பத் திரும்ப வந்து. ஆனந்த் கறுப்பு. அன்றைக்கு எங்கள் தெரு டீக்கடையில்கூட, "என்னப்பா இவ்ளோ சீக்கிரம் முடிச்சிட்டாங்க" என்றார்கள். வெள்ளைக் காயை வைத்துக்கொண்டு 16 மூவில் டிராவுக்கு ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது கார்ல்சனுக்கு. சங்கடம் அவருடையதே தவிர ஆனந்துடையது இல்லை. நாலாவது ஆட்டத்தில் கார்ல்சன் கறுப்பில் இதே பெர்லினைப் போட்டு, ஏ2 சிப்பாயை மந்திரியால் வெட்டி எடுத்து, ஆனந்தை 64 மூவ் வரைக்கும் இழுத்தார். ஆனந்த் வியர்வை சிந்தித்தான் டிரா வாங்கினார். ஆறாவது ஆட்டமும் பெர்லின். ஆனந்த் 4-ஆவது மூவில் டி3 ஆடிப் பார்த்தார், தோற்றார். நாலிலும் ஆறிலும் ஒரே ஓப்பனிங்தான்.

ஆகவே பெர்லினை விட வேண்டாம். ஆனால் பையனுக்கு இப்போது தெரிந்திருப்பது பெர்லினில் ஒரு சந்து மட்டும் என்று எனக்குச் சந்தேகம். அடுத்த முறை வேறொரு பையன் 6-ல் மந்திரியால் சி6-ஐ வெட்டுவான், ராஜா டி8-ல் நிற்கும், அப்போது இவனுக்கு என்ன செய்வதென்று தெரியாது. இன்னொருவன் 4-ல் டி3 தள்ளிவிட்டு நிதானமாக ஆடுவான். இன்னும் சிலர் 5-ல் டி4 தள்ளாமல் யானையை இ1-ல் வைப்பார்கள், குதிரை டி6, வெள்ளைக் குதிரை இ5-ல் வெட்டு, மந்திரி இ7, மந்திரி எஃப்1 என்று போகும். அது சமமான நிலை, கொஞ்சம் சப்பென்று இருக்கும், ஆனால் ஆடத் தெரிய வேண்டும். முதலில் ராணி இல்லாத அந்த எண்ட்கேமை வீட்டில் இருபது முறையாவது ஆடிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் அப்பா. அப்பாவுக்கு வெள்ளை.

வெள்ளைக் காய் வரும்போது என்ன ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. இ4 ஆடுகிறவனாக இருந்து எதிரே பெர்லின் வந்தால், 6-ல் சிப்பாயால் வெட்டும் இந்தக் கிளைக்கு அவன் போகக் கூடாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கறுப்பில் உன்னைவிடப் பலசாலி உனக்கு டிரா கொடுத்தால் வாங்கிக்கொள், தப்பில்லை. வெள்ளையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வயதில் 14 மூவ் டிராவைத் தேடிப் போவது படிக்க வேண்டிய வயதில் லீவு போடுவது மாதிரி. சில போட்டிகளில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசி டிரா செய்யக் கூடாது என்று விதி வைக்கிறார்கள். 2005-இல் சோஃபியாவில் நடந்த போட்டியிலிருந்து அதற்குச் சோஃபியா விதி என்றே பெயர். 2008-இல் பில்பாவோவில் வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று ஃபுட்பால் மாதிரி புள்ளி கொடுத்தார்கள். எதைப் போட்டாலும் நிலை மூன்று முறை வந்தால் டிரா என்ற விதியைத் தொட முடியவில்லை. அதனால்தான் இந்த 14 மூவுக்கு இன்னும் கிராக்கி.

டிரா நிலையில் எழுந்துவிட வேண்டுமா, உட்கார்ந்து ஆட வேண்டுமா என்று அப்பா கேட்டால் அவருக்கு ஒரு ஆட்டத்தைக் காட்டுங்கள். 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலகச் சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம். குகேஷ் கறுப்பு, டிங் லிரென் வெள்ளை. இருவருக்கும் யானையும் மந்திரியும், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். யாரைக் கேட்டாலும் டிரா என்பார்கள். குகேஷ் விடவில்லை. 55-ஆவது மூவில் டிங் யானையை எஃப்2-ல் வைத்தார். யானை மாறியது, குகேஷ் மந்திரியை டி5-ல் கொண்டுவந்து அதையும் மாற்றினார், சிப்பாய் எண்ட்கேம் ஜெயித்துவிட்டது. அந்த நிலையில் எழுந்திருந்தால் பட்டம் டைபிரேக்குக்கு (சமனை முறிக்கும் வேக ஆட்டங்களுக்கு) போயிருக்கும். ஆனால் அங்கே குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது, ஆபத்து இல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்க முடிந்தது. உங்கள் பையனின் 14-ஆவது மூவில் அவனுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ராணியை மாற்றிக்கொள்ளத் திரும்பத் திரும்பக் கேட்டான், அவ்வளவுதான் கேட்க முடியும்.

ஸ்கோர் ஷீட்டில் ஒரு பிழையும் இருக்கிறது. 9-ஆவது மூவில் வெள்ளையின் ஆன்பாசானை அவன் "டி5-ல் வெட்டு" என்று எழுதியிருக்கிறான். வெட்டுப்பட்ட சிப்பாய் டி5-ல்தான் இருந்தது, ஆனால் வெட்டிய சிப்பாய் போய் நின்றது டி6. எழுதுவது காய் போய்ச் சேரும் கட்டத்தை. ஆர்பிட்டர் இன்னொரு போர்டில் நகர்த்திப் பார்த்தபோது இது அவருக்கும் ஒரு நிமிடம் இடித்திருக்கும். 10-ல் கறுப்பு ராணி டி6-ல் எதை வெட்டியது என்று தேடியிருப்பார். புரிந்துகொண்டு விட்டிருக்கிறார். உரிமை கோருகிற நாளில் தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பையனிடம் சொல்லுங்கள்.

கன்னியக்கோயில் தாண்டி பஸ்ஸில் வரும்போது அவன் என்ன சொன்னான் என்றும் எழுதியிருந்தீர்கள்: "அம்மா, அவன்தான் முதல்ல ரிப்பீட் பண்ணினான்." அவன் சொன்னது சரி. அப்பாவிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஏழாவது சுற்றின் தாளையும் அனுப்புங்கள். அதில் என்ன நடந்தது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.